கண்ணாடிக்கு வெளியே

துறைமுகத்தில் நிர்வாகம் மாட்டிவிட்ட, பார்ப்பதையெல்லாம் பதிவுசெய்யும் கண்ணாடியை வேலை நேரத்தில் கழற்றினால் வேலை போய்விடும். ஆனால் உச்சிவெயிலில் வியர்வை கண்ணில் இறங்கவே, கிரேன் ஓட்டும் ஜெசிந்தா ஒரு நொடி கழற்றித் துடைத்தாள். அப்போதுதான் அதைப் பார்த்தாள். கீழே கொக்கி மாட்டிக்கொண்டிருந்த பிச்சையாவின் தலைக்கு மேல், லாரி அளவுக்கு வெள்ளியாய் ஏதோ ஒன்று சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடியை மாட்டிப் பார்த்தாள். வெறும் வானம். மறுபடி கழற்றினாள்; அது இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி, ஓடுங்க! மேல பாருங்க!" என்று மைக்கில் அலறினாள்.

"மேல ஒண்ணுமில்லயே தாயி."

"கண்ணாடியக் கழத்திட்டுப் பாருங்க!"

அவர் தயங்கித் தயங்கிக் கழற்றினார். நிமிர்ந்து பார்த்தவர் ஓட்டமாய் ஓடினார். அவர் நின்ற இடத்தில் தரை கருகியது. அது வந்த மாதிரியே மேலேறி மறைந்தது.

மேலாளர் இருவரையும் கூப்பிட்டார். "எல்லார் கண்ணாடியிலயும் வானம் காலியாத்தான் பதிவாயிருக்கு. இல்லாதது தெரியுதுன்னா கண்ணுல கோளாறு. அப்படிப்பட்டவங்க நாளைலேருந்து வர வேண்டாம். எதையாவது பாத்தீங்களா?"

சட்டையின் முதுகு பொசுங்கியிருந்த பிச்சையா, "இல்ல சார்" என்றார். ஜெசிந்தாவும் இல்லையென்று தலையசைத்தாள்.

மறுபடி கிரேனில் ஏறிக் கண்ணாடியை மாட்டினாள். வானம் நீலமாய், துடைத்துவிட்டதுபோல் இருந்தது. அதை நிமிர்ந்து பார்க்கத்தான் அவளுக்குப் பயமாக இருந்தது.