பதினோராவது நிபந்தனை

"உலகத்துல எண்ணாயிரம் கோடி ஜனம். அதுல ஒரே ஒரு ஆளுக்காகக் கார் விளம்பரம் போட்டிருந்தான். அந்த ஆளைத் தேடிப் பிடிச்சு, விளம்பரத்துல போட்ட விலைக்கே காரை வாங்கிக் குடுத்துட்டு வந்து உக்காந்திருக்கேன்!"

பூங்காவின் வட்ட பெஞ்சில் காலை நடை முடிந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவர்கள் யாரும் அசரவில்லை.

சொன்னவர் பூஜ்யம். எந்த எண்ணைச் சொன்னாலும் வாலில் ஒரு பூஜ்யத்தைச் சேர்த்துவிடுவார் என்பதால் வந்த பெயர். கேட்பவர்களும் ஒன்றைக் கழித்துக்கொள்ளப் பழகிவிட்டார்கள்.

"எண்ணூறு கோடி," என்று திருத்தினார் தையல்காரர். "மேல சொல்லுங்க."

பூஜ்யத்தின் பார்வை தையல்காரர் மேல் இல்லை. பெஞ்சின் கோடியில் ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்த தங்கை மேல் இருந்தது. ஊரே சிரிக்கட்டும். தங்கை ஒரே ஒரு தடவை, நாலு பேர் முன்னால், 'அண்ணன் சொன்னது நிஜம்' என்று சொல்ல வேண்டும். நாற்பது வருடமாகக் காத்திருக்கிறார். இந்த நாற்பதில் கூடுதல் பூஜ்யம் எதுவும் இல்லை.

தங்கை அடுத்த ஷூவுக்குப் போய்விட்டாள்.

விளம்பரம் எல்லோரும் பார்த்ததுதான். பத்திரிகையில் அரைப் பக்கம். யானை அளவில் விலை. அதன் தோளில் ஒரு நட்சத்திரக் குறி. அடியில், எறும்பு ஊர்ந்தது போல நாலு வரி.

விலையைப் பார்த்து ஓடியவர்கள் ஷோரூமில் வேறு விலையைக் கேட்டுவிட்டு, கொடுத்த காபியை மட்டும் குடித்துத் திரும்பினார்கள். இதே பெஞ்சில் உட்காரும் பஸ் டிரைவர் இரண்டு தடவை போய்க் குடித்தார்.

பூஜ்யம் யானையை விட்டுவிட்டு எறும்பைப் பார்த்தார்.

"நூத்திப் பத்து நிபந்தனை!"

"பதினொண்ணு," என்றாள் தங்கை, தலையைத் தூக்காமலே.

வாங்குபவர் பெண்ணாக இருக்க வேண்டும். அரசு வேலையில் ஓய்வு பெற்றிருக்க வேண்டும். அதுவரை தன் பெயரில் கார் வாங்கியிருக்கக் கூடாது. ஆனால் வீட்டில் அதே கம்பெனியின் பழைய கார் ஒன்று இருந்து, அதைக் கொடுத்துவிட வேண்டும். அந்தக் கார் ஓட வேண்டும். தள்ளிவிடாமல் ஓட வேண்டும் என்று எழுத மறந்திருந்தார்கள். கடன் கூடாது. யாரும் சீண்டாத கடுகு மஞ்சள் நிறத்தைத்தான் எடுக்க வேண்டும். இப்படியே போய், பதினோராவதாக, பிறந்தநாள் இந்த மாதத்தில் வர வேண்டும்.

ஒருவரும் வந்துவிடக் கூடாது என்று உட்கார்ந்து யோசித்து எழுதியது. குழந்தைக்குக்கூடப் புரியும்.

பூஜ்யத்துக்குப் புரியவில்லை. முப்பத்தாறு வருடம் தபால் இலாகாவில், முகவரி சரியில்லாத கடிதங்களுக்கு ஆள் தேடும் மேஜையில் இருந்தவர். 'பச்சைக் கதவு வீடு, இருமுகிற மாமா' என்று மட்டும் எழுதி வந்த உறையைக்கூட உரிய கையில் சேர்த்தவர். பதினொரு அடையாளம் என்றால் அவருக்கு அது முழு விலாசம். யார் அந்த அம்மாள்? இப்போது என்ன செய்துகொண்டிருப்பாள்? இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

"எழுபது நாள் அலைஞ்சேன்!"

ஏழு என்று எடுத்துக்கொண்டார்கள்.

நூலகர் ஒருவருக்கு எல்லாம் பொருந்தியது, கார் மட்டும் கோழிக்கூடாகியிருந்தது. தலைமையாசிரியை ஒருவர் பிறந்தநாளை மூன்றே நாளில் தவறவிட்டார். ஏழாம் நாள் ஆள் கிடைத்தது.

"கையோட கூட்டிட்டுப் போனேன். சேல்ஸ்மேன் சிரிச்சான். நூத்திப் பத்து காகிதத்தையும் ஒண்ணொண்ணா வெச்சேன். அறுபதாவதுல சிரிப்பு நின்னுச்சு. தொண்ணூறாவதுல மேனேஜர் ஓடி வந்தாரு. நூத்திப் பத்தாவதுல நூறு பேர் எழுந்து நின்னாங்க!"

விலையை மட்டும் விளம்பரத்தில் இருந்தபடியே சொன்னார். பழக்கதோஷத்தில் எல்லோரும் அதிலும் ஒரு பூஜ்யத்தைக் கழித்தார்கள்.

"அந்த விலைக்கு ஸ்டீரிங்கும் ஹாரனும்தான் வரும்," என்றார் பஸ் டிரைவர். பெஞ்சே குலுங்கியது.

சிரித்து ஓய்ந்த டிரைவர், ஏதோ தோன்றியவராக விரலை மடக்க ஆரம்பித்தார். பெண். அரசு ஆஸ்பத்திரி வேலை, ஓய்வு. அப்பா காலத்துக் கார். தினமும் நடை முடிந்ததும் இந்த பெஞ்சில் இருப்பவர்கள்தான் அதைத் தள்ளிக் கிளப்பிவிடுகிறார்கள். மிச்சமிருந்த விரல் பூஜ்யத்தின் தங்கையை நோக்கி நீண்டது.

"அட போங்கய்யா," என்றார் தையல்காரர். "நாலு மாசம் முன்னாடிதானே அவங்க பொறந்தநாளுக்கு இங்கேயே கேக் தின்னோம்? உங்களுக்குத்தான் ரெண்டு துண்டு."

விரல் மடங்கியது. எல்லோரும் எழுந்துகொள்ளத் தயாரானார்கள். பூஜ்யம் தங்கை பக்கம் திரும்பினார். அவர் சொன்னால் எதுவும் செல்லாது.

தங்கை ஷூ கயிற்றை இறுக்கி முடிந்தாள்.

"கேக் நெஜப் பொறந்தநாளுக்கு," என்றாள். "சர்டிபிகேட்ல வேற தேதி. என்னைப் பள்ளிக்கூடத்துல சேர்க்கக் கூட்டிட்டுப் போனது இந்தப் பெரிய மனுஷன்தான். அப்ப இவருக்குப் பன்னெண்டு வயசு. பொறந்த தேதி கேட்டாங்களாம். வாய்க்கு வந்ததை அளந்துவிட்டாரு. அந்தப் பொய்யால ஒரு வருஷம் முன்னாடியே ரிடையர் ஆனேன். வேலையில சேர்ந்தப்ப விஷயம் தெரிஞ்சுது. அன்னிலேர்ந்து இவர் சொன்ன எதையும் நான் நம்பினதில்ல."

அண்ணனைப் பார்த்தாள். அவர் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாய்க்கு வந்த அந்தத் தேதி, இந்த மாசம்."

இடுப்புப் பையிலிருந்து எடுத்து பெஞ்சில் வைத்த சாவியில் பிளாஸ்டிக் உறை இன்னும் பிரியவில்லை.

"நடந்துச்சு. விளம்பர விலைதான், ஒரு காசு கூடல. எழுந்து நின்னது நூறு இல்ல, பத்து பேர்." ஷூவைத் தரையில் தட்டிக்கொண்டு எழுந்தாள். "இன்னிக்கு யாரும் வண்டி தள்ள வர வேண்டாம்."