மல்லூருக்கு இப்பால்

என் கணவர் காப்பிக்கு இன்னும் கொஞ்சம் சர்க்கரை கேட்டார். 1938இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அது. மாதா கோயிலில் பூசை முடிந்ததும் ஆளுக்கொரு திசையில் சைக்கிளில் போய்வந்து, பொழுது சாயும் நேரம் சேலத்தில் எங்கள் வீட்டில் கூடி, அன்று போன வழியைச் சொல்வது அவருக்கும் நண்பர் சின்னராஜுக்கும் வழக்கம். அன்று ராசிபுரம் போய்த் திரும்பியதை அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

சர்க்கரை எடுக்கச் சமையலறைக்குப் போனேன். பின்வாசலில் கோயில் உபதேசியார் நின்றிருந்தார்.

"மனசைத் திடப்படுத்திக்குங்கம்மா. மத்தியானம் மல்லூர் வளைவுல லாரி மோதி உங்க ஊட்டுக்காரர் போயிட்டாருங்க. பாத்துட்டுத்தான் வாரேன்."

கூடத்தில் என் கணவரின் குரல் கேட்டது. "மல்லூர் வளைவு வந்தேனா..." என்றவர், மேலே சொல்ல ஒன்றுமில்லாதவர்போல நிறுத்திவிட்டார்.

ஓடிப்போய்க் கதவருகே நின்றேன். "அப்புறம் எங்க வந்தீங்க?"

சின்னராஜ் சிரித்தார். "பாத்தியா அமிர்தசாமி, என்னைக்கும் இல்லாம ஊட்டம்மா கதை கேக்கறாங்க."

என் கணவர் என்னையே பார்த்தார். "நாழிக்கல்பட்டி. நுங்கு தின்னேன்."

"அப்புறம்?"

"சீலநாயக்கன்பட்டி. ஒரே எதிர்க்காத்து."

நான் விடவில்லை. கடைவீதியில் யாரைப் பார்த்தார், எங்கள் தெருவில் யார் வீட்டு விளக்கு எரிந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். பொறுமையாகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

"அப்புறம் என்ன, ஊடு வந்துட்டேன்" என்றார். அதன் பிறகு அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியில் யாரும் இல்லை.

மல்லூரிலிருந்து எங்கள் வீடு இன்றும் எட்டு மைல்தான்.