லீலாவின் மாத்திரை

"வயசை அது போற போக்குல விட்டுடணும்டா. மருந்தைப் போட்டு நிறுத்தப் பார்த்தா…" என்று பெரியப்பா ஒருநாள் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். நிறுத்தப் பார்த்தால் என்ன ஆகும் என்றும் சொன்னார். அந்தப் பாதிதான் வாசுதேவனுக்கு மறந்துபோய்விட்டது.

இப்போது அது ஞாபகம் வரக் காரணம், மனைவி லீலாவின் மூக்குக்கண்ணாடிக் கூட்டிலிருந்து விழுந்த மாத்திரை அட்டை. மாதவிடாய் நின்றவர்கள் சாப்பிடும் ஹார்மோன் மாத்திரை. இதனால் மார்பகப் புற்றுநோய் கூடுகிறதென்று அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சியையே பாதியில் நிறுத்திவிட்டார்கள். 2002 ஜூலையில் எல்லாப் பேப்பரிலும் அதே பேச்சு. அவர் படித்துக் காட்டியபோது நிறுத்திவிடுகிறேன் என்று தலையாட்டியவள், ஒளித்துவைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள்.

"மாமிக்கு மட்டும் வயசே ஆகமாட்டேங்கறது" என்று மாடி வீட்டு சரசா சொன்னது வேறு சேர்ந்துகொண்டது.

"ஐம்பத்திநாலு வயசுல யாருக்கு அழகு காட்டணும்?" என்று அட்டையை லீலாவிடம் நீட்டிக் கேட்டார்.

தூறலோடு தூறலாக அவளை ஸ்கூட்டரில் உட்காரவைத்து, வானவடிப் பகுதியில் அவள் பார்க்கும் டாக்டர் காளேயிடம் அழைத்துப் போனார்.

டாக்டரம்மா ஹிந்தியும் இங்கிலீஷுமாகப் பொறுமையாக விளக்கினார். மாத்திரை சாப்பிடாத பத்தாயிரம் பேரில் வருஷத்துக்கு முப்பது பேருக்குப் புற்றுநோய் வருவது, சாப்பிட்டால் முப்பத்தெட்டாகிறதாம். பேப்பர்காரன் இருபத்தாறு சதவீதம் கூடுதல் என்று போட்டதும் முப்பதுக்கு மேல் கூடிய இந்த எட்டுப் பேரைத்தானாம்.

பிம்ப்ரி தொழிற்சாலையில் தரப் பரிசோதனை செய்தே தலை நரைத்தவர் வாசுதேவன். சதவீதம் அவருக்குச் சோறு போட்ட சங்கதி. ஆனாலும் குழம்பினார். இருபத்தாறு சதவீதம் என்றால் பெரிதாகத் தெரிகிறது. எட்டுப் பேர் என்றால் போனால் போகிறது என்றிருக்கிறது. இவள் அந்த எட்டில் ஒருத்தியா என்று கேட்டார். அது தனக்கும் தெரியாது என்றார் டாக்டர். தாங்க முடிந்தால் நிறுத்தலாம், இல்லாவிட்டால் குறைந்த அளவில் கொஞ்ச நாள் தொடரலாம், நீங்களே பேசி முடிவு செய்யுங்கள் என்றார்.

பேச என்ன இருக்கிறது, அழகுக்காக உயிரைப் பணயம் வைப்பார்களா என்று வாசுதேவன் பொரிந்தார்.

டாக்டர் லீலாவைப் பார்த்தார்.

"அழகுக்கா? ராத்திரியில் உடம்பு நெருப்பா கொதிக்குதுன்னு வந்தாங்க. ஜன்னலைத் திறந்து ஃபேன் போட்டுப் படுங்க, மாத்திரை அப்புறம் பார்க்கலாம்னுதான் நான் சொன்னேன். அவருக்கு ஆஸ்துமா, ஃபேன் காத்து ஆகாது, மாத்திரையே குடுங்கன்னு இவங்கதான் கேட்டு வாங்கினாங்க."

வாசுதேவன் திரும்பினார். லீலா மேஜையைப் பார்த்தபடி தமிழில் சொன்னாள்.

"ஒரே ஒரு நாள் ஃபேன் போட்டுண்டேன். விடிகாலைல உங்களுக்கு இழுப்பு வந்துடுத்து."

வீட்டுக்கு வந்ததும் வாசுதேவன் தன் தலையணையையும் கம்பளியையும் ஹால் சோபாவில் கொண்டுபோய்ப் போட்டார். பிறகு படுக்கையறைக்குப் போய், இரண்டு ஜன்னலையும் திறந்துவிட்டு, ஃபேனை முழு வேகத்தில் வைத்தார்.