ஆட்சேபணை இல்லை

“ஆளு காலி!” என்று கத்திக்கொண்டே நாற்காலியிலிருந்து எழுந்தான் அவன்.

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி பதறித் திரும்பினாள். “ஐயோ, யாரு?”

“வேற யாரு? உன் சக்களத்திதான்.”

சக்களத்தி என்று அவள் பெயர் வைத்திருந்தது ஓர் ஆணுக்கு. வேறோர் ஊரில் இருக்கும் பொறியாளர் அவர். இவனும் அவரும் ஒரே மின்னஞ்சல் குழுவில் இருந்தார்கள். இணையத்தில் எது எப்படி ஓட வேண்டும் என்று இரண்டாயிரம் பொறியாளர்கள் கூடி விதி செய்யும் குழு. கூடி என்றால் நேரில் அல்ல. நேரில் கூடினால் அவ்வளவு மரியாதைக் குறைவாகப் பேச முடியாது.

அவன் முன்மொழிந்த விதி எளிமையானது. ஒரு மின்னஞ்சல் கிளம்பியபோது இருந்தபடியே வந்து சேர வேண்டும். வழியில் யாராவது ஒரு புள்ளி சேர்த்திருந்தாலும் அதை வாங்கும் சர்வர் அந்த மின்னஞ்சலையே சத்தமில்லாமல் அழித்துவிடும். மோசடிக்காரர்கள் ஒழிந்தார்கள்.

“நல்ல மெயிலும் சேர்ந்து சாகும்” என்று சக்களத்தி ஆட்சேபித்தார். முதலில் இருவரும் விதியைப் பற்றித்தான் பேசினார்கள். பிறகு ஒருவர் படிப்பை மற்றவர் சந்தேகித்தார். மூன்றாவது வருடம் அவர் இவனை அரைவேக்காடு என்றார். இவன் அவரைத் தேய்ந்த ரெக்கார்டு என்றான். தொழில்நுட்ப விவாதம் அந்த உயரத்தைத் தொட்டிருந்தது.

மனைவிக்கு வேறு ஊரில் பதவி உயர்வு வந்திருந்தது. திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். “இந்தத் தடவையும் உங்க விதி இழுத்துச்சுன்னா நான் தனியாத்தான் போவேன். நீங்க அந்த ஆளோடவே குடும்பம் நடத்துங்க” என்று சொல்லிவிட்டாள். துணிகளைக்கூட இரண்டு குவியலாகத்தான் மடித்துக்கொண்டிருந்தாள். விதி நிறைவேறிய அன்றே குழுவிலிருந்து விலகுவதாக அவன் சத்தியம் செய்திருந்தான்.

வந்தது இறுதிச் சுற்று. இரண்டு வாரத்துக்குள் யாரும் ஆட்சேபிக்காவிட்டால் விதி நிறைவேறியதாக அர்த்தம். குழுவில் எதற்கும் அதுதான் வழக்கம்.

“கேட்டா மட்டும் பதில் சொல்லுங்க. நீங்களா ஒரு வரி எழுதக் கூடாது” என்று மனைவி உத்தரவு போட்டாள். அவனும் கட்டுப்பட்டான். பொழுது போக வேண்டுமே, தன் விதியை முதல் ஆளாக, தன் மின்னஞ்சல்கள் வந்து சேரும் வீட்டு சர்வரிலேயே போட்டுப் பார்த்தான். அருமையாக ஓடியது.

அதற்குப் பிறகு குழுவில் ஒரு சத்தமில்லை. சக்களத்தி மூச்சு விடவில்லை. அவருக்கு ஜால்ரா தட்டும் கூட்டமும் அடங்கிப்போனது. தன் வாதத்தில் இவ்வளவு பலம் இருப்பது அவனுக்கே இப்போதுதான் தெரிந்தது.

இன்று காலை குழுவின் இணையப் பக்கத்தைத் திறந்தான். ‘ஏகமனதாக ஏற்கப்பட்டது’ என்று போட்டிருந்தது.

“ஒரே ஒரு ஆட்சேபணைகூட இல்ல. வாயை அடைச்சுட்டேன் பாத்தியா?”

“நிஜமாவா? அப்போ விலகிடுவீங்கதானே?”

“ஒரே ஒரு மெயில். தோத்த மனுஷனுக்குப் பெரிய மனசோட ரெண்டு வார்த்தை எழுதிட்டு விலகிடறேன்.”

“பெரிய மனசு? உங்களுக்கு?” என்றாள். ஆனாலும் இரண்டு குவியலையும் ஒன்றாகச் சேர்த்தாள்.

அழைப்பு மணி அடித்தது. அவள் போய்க் கதவைத் திறந்தாள். கறுப்புச் சட்டையும் வெள்ளைப் பூங்கொத்துமாக ஒரு நடுத்தர வயதுக்காரர் நின்றிருந்தார்.

“நீங்க அவரோட மனைவியாம்மா? அவர் முன்மொழிவுக்கு அடியில இந்த விலாசம் இருந்துச்சு. நானும் அவரும் ரொம்ப நாள் பழக்கம், மெயில்ல.” அவர் பூங்கொத்தைப் பார்த்தபடி சொன்னார். “நல்ல மூளைம்மா அவருக்கு. இருக்கும்போது ஒரு வார்த்தை சொல்லாம விட்டுட்டேன்.”

“யாரும்மா அது?” என்றபடி அவன் உள்ளிருந்து வந்தான்.

வந்தவர் ஓரடி பின்வாங்கினார். “நீங்க... இருக்கீங்களா?”

“ஏன், எனக்கென்ன? நீங்க யாரு சார்?”

“அரைவேக்காடுன்னு எழுதுவேனே, அந்த ஆளு.”

அவன் அவரை மேலும் கீழும் பார்த்தான்.

“ஒண்ணு சொன்னா ஒம்பது பதில் போடுற மனுஷன் திடீர்னு நின்னுட்டீங்க. திட்டிப் பார்த்தேன். பதில் இல்ல. உங்க காலேஜையே இழுத்தேன். அதுக்கும் இல்ல. அப்புறம்தான் பயம் வந்துச்சு. நல்லா இருக்கீங்களான்னு குழுவுல அத்தனை பேரும் கேட்டோம்.”

“எனக்கு ஒண்ணுகூட வரலையே!”

“எப்படி வரும்? குழுவுல போற ஒவ்வொரு மெயிலுக்கும் அடியில குழுவோட பேரை ஒரு வரியா சேர்த்துத்தானே குழு சர்வர் அனுப்பும்? உங்க வீட்டுல எந்த விதி ஓடுது?”

அவன் உள்ளே ஓடிக்கொண்டிருந்த தன் சர்வரைத் திரும்பிப் பார்த்தான்.

“இவ்வளவு பேர்ல ஒருத்தருக்கும் ஒரு போன் பண்ணத் தோணலையா?” என்றாள் மனைவி.

“போனா? எங்களுக்கு அந்தப் பழக்கம் இல்லம்மா.” அவர் பூங்கொத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கைமாற்றினார். “கடைசியில தலைவரே கேட்டார். ‘அவர் காலமாயிட்டார்னு எடுத்துக்கலாமா, யாருக்காவது ஆட்சேபணை உண்டா’ன்னு. யாரும் ஆட்சேபிக்கல. நீங்களும் ஆட்சேபிக்கல. அதான், உங்க ஞாபகார்த்தமா அந்த விதியை நிறைவேத்துங்கன்னு நானே முன்மொழிஞ்சேன்.”

மனைவி கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் அவசரமாகச் சிரித்தான். “எப்படியோ சார், நிறைவேறிடுச்சில்ல? அது போதும்.”

வந்தவர் பூங்கொத்தை அவன் கையில் திணித்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக் கடகடவென்று தட்ட ஆரம்பித்தார்.

“அதெப்படி தம்பி? நீங்க இருக்கீங்கன்னா, என் ஆட்சேபணையும் இருக்கு!”