பச்சைக் கோடு

"கண்ணு போகப்போறது உனக்குய்யா, எனக்கில்ல! உக்காரு!"

சங்கமித்ரா போட்ட சத்தம் மர்பி டவுன் சந்து முழுக்கக் கேட்டது. ஏகாம்பரம் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மேசைமேல் இருந்த வெள்ளைப் பெட்டியை முறைத்தான்.

அவன் ஐ.டி. கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறவன். சர்க்கரை நோயால் வலது விழித்திரையில் நீர் கோத்து, ஊசி போட்டு வற்ற வைத்திருந்தார்கள். மறுபடி கோக்கிறதா என்று பார்க்கத்தான் போன வாரம் ஆஸ்பத்திரி இந்த ஸ்கேன் மெஷினை வீட்டுக்கே கொடுத்தனுப்பியது. தினமும் காலையில் முகத்தைப் பொருத்தி உள்ளே தெரியும் பச்சைக் கோட்டைப் பார்த்தால் போதும், படம் எடுத்து அதுவே அனுப்பிவிடும். வாரம் ஒருமுறை டாக்டர் பார்ப்பார்.

"மெஷினு வேலை செய்யல மித்ரா. உள்ள ஒரே இருட்டு." மெஷின் வந்த நாளிலிருந்து இதே சாக்கு.

"தள்ளு." தினமும் போல அவனை இடித்துத் தள்ளிவிட்டு அவள் முகத்தை வைத்தாள். பெட்டி பீப் என்றது. "நல்லாத்தானே எரியுது? பச்சைக் கோடுதான் கோணலா நிக்குது. எவன் கீழ போட்டானோ. வா, மூஞ்சிய வை."

முனகிக்கொண்டே வைத்தான்.

அவன் டூட்டிக்குக் கிளம்பும்போது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. "ஏகாம்பரம் சார் வலது கண்ணுல நிறைய நீர் கட்டியிருக்கும்மா. இன்னிக்கே கூட்டிட்டு வாங்க."

சங்கமித்ரா போனைக் கட்டிலில் எறிந்தாள். "டீக்கடையில நின்னு ஒப்பட்டு தின்ன, இல்ல? வெல்லம் ஒழுக ஒழுக?"

"சத்தியமா இல்ல."

"சத்தியம் வேறயா! கண்ணு தெரியாதவன் கையில எவன்யா ஸ்டியரிங்கக் குடுப்பான்? கக்கூஸுக்கும் நான்தான் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போகணும்!"

ஆட்டோவிலும் திட்டினாள். "விடுங்க அக்கா, பாவம்" என்ற ஆட்டோக்காரனுக்கும் விழுந்தது.

வீணா டாக்டர் ஏகாம்பரத்தை நாற்காலியில் உட்கார வைத்து, சொட்டு மருந்து விட்டு, வெளிச்சம் அடித்து, பெரிய மெஷினிலும் படம் எடுத்தார். பிறகு நெற்றியைச் சுருக்கினார்.

"இவர் கண்ணு நல்லாத்தான் இருக்கும்மா. ஒரு சொட்டு நீர் இல்ல."

அவ்வளவுதான். சங்கமித்ராவின் கோபம் டாக்டர் பக்கம் திரும்பியது.

"காலையில கண்ணு போச்சுன்னு போனு, இப்ப ஒண்ணுமில்லன்னு நீங்க. வெளையாடறீங்களா? டூட்டிய விட்டுட்டு வந்திருக்கு இந்த மனுஷன்! அந்த ஓட்ட மெஷின நீங்களே வெச்சுக்கங்க!"

"நான் அப்பவே சொன்னேன்" என்றான் ஏகாம்பரம், நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு.

டாக்டர் மானிட்டரை அவள் பக்கம் திருப்பினார். அடுக்கடுக்கான கோடுகள் நடுவில் புடைத்திருந்தன. புடைப்புக்குள் கறுப்பாகத் தேங்கியிருந்தது.

"மெஷின் சரியாத்தான் எடுத்திருக்கு. ஆனா இது இவர் கண்ணே இல்ல. அது ஒரு நாளைக்கு ஒரு படம்தான் எடுக்கும். முதல்ல யார் மூஞ்சிய வெக்கறாங்களோ, அவங்க கண்ணுதான் எங்களுக்கு வரும். வீட்ல வேற யாராவது வெச்சாங்களா?"

சங்கமித்ரா திட்ட வாயைத் திறந்தாள். மானிட்டரில் இருந்த புடைப்பின் மேல் விரலை வைத்தாள்.

"யாரா இருந்தாலும் உடனே கூட்டிட்டு வாங்கம்மா. இந்தக் கண்ணுக்கு நேர்க்கோடே கோணலாத்தான் தெரியும். இதுக்கு மேல விட்டா பார்வை திரும்பாது."

அவள் இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு ஜன்னல் கம்பிகளைப் பார்த்தாள். கையை எடுத்தாள். மறுபடி பொத்திக்கொண்டு பார்த்தாள்.

பிறகு நாற்காலியில் சாய்ந்திருந்த புருஷனின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"எந்திரிய்யா. அது என் கண்ணு."