ஏறாத திரை

மணி ஒன்பதரை. மேவிஸின் டிரெய்லரில் ஜன்னல் திரை இன்னும் ஏறவில்லை. உள்ளே கேஸ் ஹீட்டர் உறுமிக்கொண்டிருக்க, போர்வைக்குள் அவள் அசையாமல் கிடந்தாள்.

நியூ மெக்சிகோ பாலைவனத்து ஜனவரிக் குளிரில், வண்டிகளையே வீடாக்கிக் குடியிருப்பவர்களின் அந்த முகாமில் யாரும் பயப்படும் காட்சிதான் இது. சின்ன வண்டி, மூடிய கதவு, இரவெல்லாம் எரியும் ஹீட்டர். புகை வெளியேறும் குழாயில் ஒரு குளவி கூடு கட்டியிருந்தால் போதும், நஞ்சு உள்ளேயே சுற்றும். தூங்குகிறவருக்கு வாசனைகூடத் தெரியாது.

அதனால் தனியாக இருப்பவர்களுக்கு அங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு. காலை எட்டு மணிக்குத் திரையை ஏற்ற வேண்டும். எட்டரைக்குள் ஏறாவிட்டால் எதிர் வண்டிக்காரர் ஓடிவந்து கதவைத் தட்ட வேண்டும். மேவிஸுக்கு டுவேன் பொறுப்பு, டுவேனுக்கு மேவிஸ் பொறுப்பு.

மேவிஸ் கண்ணைத் திறந்து கடிகாரத்தைப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கூரை ஜன்னலை இரண்டு விரல் அளவு திறந்துதான் வைத்திருந்தாள். நஞ்சுப் புகை வந்தால் கத்துகிற அலாரத்தில் பச்சை விளக்கு எரிந்தது. குழாயில் கூடு இருக்கிறதா என்று நேற்றுதான் டார்ச் அடித்துப் பார்த்திருந்தாள். வேண்டுமென்றேதான் திரையை ஏற்றவில்லை.

எல்லாம் பெர்னி செய்த வேலை. முகாமைப் பார்த்துக்கொள்கிறவன் அவன். நேற்றுச் சாயங்காலம் நெருப்பைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது, வேறொரு முகாமில் செத்து மூன்று நாள் கழித்துக் கண்டெடுத்த ஒரு கிழவரின் கதையை எடுத்தான். சொன்னவன் அதோடு சும்மா இருந்தானா?

"மேவிஸ், டுவேன், உங்க ரெண்டு பேரையும் யாரு தேடி வருவா? இந்தம்மா வாயத் தொறந்தா சண்டை. அவரு வாயே தொறக்க மாட்டாரு!"

எல்லாரும் சிரித்தார்கள். மேவிஸும் சிரித்தாள். டுவேன் மட்டும் குடித்துக்கொண்டிருந்த காப்பியை மணலில் கொட்டிவிட்டு எழுந்து போனார்.

சிரித்துவிட்டு வந்தவளுக்குத் தூக்கம் வரவில்லை. தூரத்து ஃபார்கோ நகரத்தில் இருக்கும் மகள் கிறிஸ்துமஸுக்கு ஒரு போன் பேசுவாள், அவ்வளவுதான். கணவர் போன பிறகு, இவள் இருக்கிறாளா இல்லையா என்று தினமும் பார்க்கிற ஆள் எதிர் வண்டி ஊமைக்கோட்டான் ஒருவர்தான். அவராவது வருவாரா? பார்த்துவிடுவோமே!

திரையை இறக்கினால் வெளியே ஒன்றும் தெரியாது. எட்டரையிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டு கிடக்கிறாள். சரளைக்கல்லில் ஒரு காலடிச் சத்தம் இல்லை. ஒன்பதரைக்கு அழுகை வந்தது. பத்து மணிக்கு அழுகை போய் ஆத்திரம் வந்தது.

"இருய்யா, வரேன்!"

இரவு உடுப்பின் மேலேயே கோட்டை மாட்டிக்கொண்டாள். "நான் செத்துக் கெடந்தா என்னய்யா பண்ணியிருப்பே?" என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். நறுக்கென்று இருந்தது. கதவைத் திறந்தாள்.

படியில் கால் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். எதிரே டுவேனின் திரையும் இறங்கியே இருந்தது.

ஆத்திரமெல்லாம் எங்கே போனதோ! "ஐயோ கடவுளே, மணி பத்தாச்சே!" என்று கத்திக்கொண்டே ஓடினாள். அவர் வண்டிக்குள்ளும் ஹீட்டர் உறுமிக்கொண்டிருந்தது. எட்டரைக்கே வந்து தட்டியிருக்க வேண்டியவள் அவள். படுத்துக்கொண்டு நாடகமாடி ஒரு உயிரைக் கொன்றுவிட்டோமே!

இரண்டு கையாலும் கதவைக் குத்தினாள். "டுவேன்! டுவேன்! யாராவது கடப்பாரை கொண்டாங்களேன்!"

கதவு திறந்தது. முகம் மழித்து, சட்டைப் பொத்தானெல்லாம் போட்டு டுவேன் நின்றிருந்தார். கண்கள் மட்டும் சிவந்திருந்தன.

"எட்டரைலேருந்து உக்காந்திருக்கேன். நான் செத்துக் கெடந்தா என்னம்மா பண்ணியிருப்பே?"