பெயர் சொல்லிக் கேட்டது

திண்டிவனத்தில் எங்கள் ஆபீஸ் ஒரே அறை. பால் குளிரூட்டும் மெஷினுக்கு நானும் தாண்டவராயனும் புரோகிராம் எழுதினோம். அந்தப் புரோகிராமுக்குள் வாட்ச்டாக் என்று ஒன்று ஓடும். புரோகிராமின் ஒவ்வொரு பகுதியையும் 'இருக்கியா?' என்று கேட்கும். 'இருக்கேன்' வராவிட்டால் மெஷினையே அணைத்து மறுபடி போடும். அந்த வார்த்தைகளை வைத்தது தாண்டவராயன்தான்.

போன மாதம் விக்கிரவாண்டியில் லாரி மோதிச் செத்துப்போனான்.

அவன் எழுதிய பகுதியை இன்று அழித்தேன். அழித்த பிறகும் அதிலிருந்து 'இருக்கேன்' மட்டும் வந்துகொண்டே இருந்தது. விழுப்புரத்தில் இருந்த முதலாளிக்குப் போன் போட்டேன்.

"அண்ணா, எடுத்துட்டேன். ஆனா பதில் வந்துக்கினே இருக்குதுண்ணா."

"பழசு எதனா ஒட்டிக்கினு இருக்கும். வாட்ச்டாகையும் சேத்துத் தூக்கிடும்மா. மத்தியானத்துக்கு மேல மெஷின் ஏத்த வண்டி வருது, பேஜாரு பண்ணாத."

தூக்கினேன். பதில் நின்றது. அவன் நாற்காலியைப் பார்த்தபடி மதியச் சோறு சாப்பிட்டேன்.

கை கழுவி வந்தால், திரையில் ஒரு வரி.

'பிரபா, இருக்கியா?'

பேய் இரண்டு தடவைதான் பெயர் சொல்லிக் கூப்பிடும், மூன்றாவதுக்குத்தான் பதில் சொல்லணும் என்பாள் அம்மா.

இரண்டாவது வரியும் வந்துவிட்டது. வெளியே வண்டி ஹாரன் அடிக்கிறது. மூன்றாவது வந்துவிடாதா என்று உட்கார்ந்திருக்கிறேன்.